விடைக்குறிப்பில் இல்லாதது

நாற்பத்தோராவது கேள்வி. ஐந்து மதிப்பெண்.
சீனாவும் ஜப்பானும் நவீனமான விதத்தை ஒப்பிடுக.

அஸ்தம்பட்டி, ஏப்ரல், திருத்தும் முகாம்.
மின்விசிறி சுற்றுகிறது என்று சொல்லலாம்,
காற்று வருகிறது என்று சொல்ல முடியாது.
கட்டில் பதினைந்து தாள்.
பதினான்கிலும் ஒரே கைடிலிருந்து இறங்கிய வரி:
ஜப்பான் வேகமாக மாறியது, சீனா மாற மறுத்தது.
டிக். டிக். டிக்.
ரஷீதா டீச்சரின் சிவப்புப் பேனா
எனக்கு இரண்டு தாள் முன்னால் ஓடுகிறது.

கடைசித் தாளில்
எழுத்தெல்லாம் காற்றடித்த சோளமாய் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது.
தொடக்கம் ஒழுங்குதான்:
கருப்புக் கப்பல்கள்,
குடுமி கத்தரித்த போர்வீரர்கள்,
ஊர் உலகம் பார்த்துவரக் கிளம்பிய அமைச்சர்கள்,
தொப்பி, கடிகாரம், மாட்டிறைச்சி, அரசியல் சட்டம்.
முக்கால் பக்கம் தாண்டியதும்
பிள்ளை தடம் மாறுகிறது.

"சீனர்கள் ரயிலை மறுக்கவில்லை ஐயா.
ஷாங்காய்ப் பக்கம் வெள்ளைக்காரக் கம்பெனி
சாலை போடுகிறோம் என்று நிலம் வாங்கி
தண்டவாளம் போட்டது.
அரசாங்கம் அதை விலைக்கு வாங்கியது.
கடைசித் தவணையும் கட்டிவிட்டுப் பிடுங்கியது.
கைடில் முட்டாள்தனம் என்று இருக்கிறது.
கேட்காமல் போட்டதைக்
காசு கொடுத்துப் பிடுங்குவதும்
ஒரு பதில்தானே."

பேனாவை மூடினேன்.

குப்பனூரில், புகுந்த வீட்டு மரவள்ளிக் காட்டில்
ஒரு ஜூன் மாதம் கல் நட்டார்கள்.
எட்டு வழிச் சாலை.
சென்னைக்கு மூன்றே மணி நேரம் என்றார் அதிகாரி.
சென்னையில் எனக்கென்ன சோலி என்றாள்
நாத்தனார் மாதேஸ்வரி.
அன்று வகுப்பில் நான் இதே பாடம்தான் நடத்தினேன்.
மாறுகிறவர் பிழைப்பார் என்று எழுதி
அடிக்கோடும் போட்டேன்.
அவள் கடப்பாரையோடு போனாள்.
அரசுச் சம்பளக்காரி, நான் போகவில்லை.
ஸ்டேஷனுக்குச் சோறு கட்டிக்கொண்டு போனேன்,
அதுவும் இருட்டிய பிறகு.

ஆனால் என் பிறந்த வீடு
இரும்பாலைக்கு நிலம் கொடுத்த வீடு.
கொடுத்தோமா, எடுத்தார்களா,
அப்பா இரண்டு விதமாகவும் சொல்வார்,
சம்பள நாளைப் பொறுத்து.
அந்தச் சம்பளத்தில்தான் நான் பி.எட். படித்தேன்.
அந்தப் படிப்பில்தான் இந்த நாற்காலி.

தாள் முடியவில்லை.
"பிடுங்கிய அதே வருஷங்களில் வடக்கே பஞ்சம்.
துறைமுகத்தில் தானியம் இருந்தது,
மலை தாண்டிக் கொண்டுபோக வழி இல்லை.
இதையும் எழுதாவிட்டால் நான் பொய் சொன்னவன்.
பிறகு ஜப்பான் சண்டையில் ஜெயித்து
நஷ்ட ஈடு வாங்கியது.
அதில் ஒரு பங்கு உருக்காலை ஆனது.
உருக்கு பின்னால் பீரங்கியாகி
பணம் கொடுத்தவர் வீட்டுக்கே வந்தது."

ஜன்னலுக்கு வெளியே
இரும்பாலை பஸ் ஹாரன் அடித்துப் போகிறது.
ரஷீதா டீச்சர் கால் மாற்றி உட்கார,
செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு ஒருமுறை சிணுங்கியது.
வெள்ளியும் இரும்பும் விற்று வாழும் ஊரில்
இத்தனை வருஷம் பாடம் எடுத்தும்
இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

சாம்ராஜ் சார் தோளுக்குப் பின்னால் நின்றார்.
கீயில் இருக்கா மேடம்?
இல்லை சார்.
அப்புறம் என்ன யோசனை?

மூன்று போட்டேன். அடித்தேன்.
நான்கு.
அடித்ததற்குப் பக்கத்தில் கையெழுத்து கேட்டார், போட்டேன்.
அந்த ஒரு மார்க்கு எங்கே போனதென்று
என்னாலும் சொல்ல முடியவில்லை.

ஆறே முக்கால் பஸ்ஸில் குப்பனூர்.
மோட்டார் கொட்டகைக்குப் பின்னால்
மாதேஸ்வரி துணி துவைக்கிறாள்,
என் மகனின் பள்ளிச் சட்டையை,
அந்தக் கல்லின் மேல் அடித்து.
ஓரத்தில் அவர்கள் எழுதிய எண்ணில்
பாதி இன்னும் அழியவில்லை.